அண்ணனுக்குப் போட்ட பலகை

ஜீப்பின் பின்சீட்டுகளைக் கழற்றிய அன்றுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

அது பழைய டீசல் ஜீப். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உண்டு. சென்னையில் ஒருவரிடம் வாங்கி, நானே திருத்தணிக்கு ஓட்டி வந்தேன். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இந்த வண்டி எதற்கு என்று வாடகை வாங்கும் வீட்டுச் சொந்தக்காரர் கேட்டார். மலை ஏற வசதியாக இருக்கும் என்றேன். கோயிலுக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் நினைத்தது இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கை. மரம் கிடையாது, பல இடங்களில் செல்போன் எடுக்காது, அடுத்த கிராமத்துக்கே பாதி நாள் ஓட்ட வேண்டியிருக்கும் என்று படித்திருந்தேன். கோடை விடுமுறையில் அங்கே போய், வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து, ஐந்து நாள் இருந்துவிட்டு வர வேண்டும்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒழுங்காகச் சொல்லியிருப்பேனா தெரியாது. என் கல்யாணம் மூன்று வருடத்தில் முடிந்துபோனது. அதன் பிறகு அம்மாவோடு மலையடிவாரத்தில் இந்த மாடி வீட்டில் இருந்தேன். அம்மா போனபின், வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பேசியதற்குப் பிறகு திங்கட்கிழமை வருகைப் பதிவு எடுக்கும்போதுதான் மறுபடி வாய் திறப்பேன். முதல் இரண்டு பெயருக்குக் குரல் கரகரக்கும். கிருத்திகை அன்று ஊர் கொள்ளாமல் கூட்டம் வரும். மாடியில் நின்று பார்ப்பேன். காவடி எடுத்தவர்கள், மொட்டை போட்டவர்கள், குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், எல்லோருமே யாருடனாவது வந்திருப்பார்கள். ஆளே இல்லாத இடத்துக்குப் போய்விட்டால் தனியாக இருப்பது ஒரு குறையாகத் தெரியாது என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது.

கனகம்மாசத்திரத்தில் நெடுஞ்சாலை ஓரம் லாரிகளுக்குக் கேபின் கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் சொந்தக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். நான் காகிதத்தில் வரைந்துகொண்டு போனதை ஒரு பார்வை பார்த்தார். டிரைவர் படுக்கிற கேபின் மாதிரிதான், கொஞ்சம் சாமான் அதிகம், செய்துவிடலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வண்டியின் உடம்பில் எங்கேயும் வெல்டிங் வைக்கமாட்டார். எல்லாம் போல்ட்டில்தான் நிற்க வேண்டும், நாளைக்கு வேண்டாம் என்றால் ஒரு ஸ்பேனரில் கழற்றிவிட வேண்டும்.

சீட்டுகளை இறக்கி வைத்துவிட்டு டேப்பை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"கூட யாரு வராங்க டீச்சர்?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர்கள் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்க அண்ணன் வராரு," என்றேன்.

பாதி பயத்தில் சொன்னது. மீதிப் பாதி பயம் இல்லை. அது என்னவென்று அப்போது யோசிக்கவில்லை.

அண்ணன் என்று ஒருவர் நிஜமாகவே உண்டு. ஹைதராபாத்தில் இருக்கிறார், போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. அம்மா இருந்தவரை அம்மாவிடம் பேச போன் செய்வார், அப்படியே நானும் இரண்டு வார்த்தை பேசுவேன். அம்மாவுக்குப் பிறகு தீபாவளிக்கு ஒரு போன், தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படம், அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் அண்ணனின் உயரம் கேட்டார். ஐந்தடி பதினொன்று என்றேன். அவ்வளவு நீளம் பின்னால் கிடைக்காது என்று, முன்சீட்டை மடித்தால் அதன் மேல் நீள்வது போல அவர் படுக்க ஒரு கீல் பலகை செய்தார். அடுத்த ஞாயிறு எடை கேட்டார், பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு தகடு கூடுதலாகப் போட வேண்டுமா என்று பார்க்க. குத்துமதிப்பாக ஒன்று சொன்னேன். என் பலகைக்கும் அண்ணன் பலகைக்கும் நடுவில் திரை தொங்கவிடக் கம்பி வைத்தார். இன்னொரு நாள், அண்ணனால் இவ்வளவு உயரம் காலை எடுத்து வைத்து ஏற முடியுமா என்று கேட்டபோது, அவருக்கு முட்டி வலி உண்டு என்று சொல்லிவைத்தேன். உடனே பின்கதவுக்குக் கீழே மடக்குப் படி ஒன்று வந்தது.

மின்சார வேலை முழுக்க நானே செய்தேன். கூரையில் சோலார் பேனல், வண்டி ஸ்டார்ட் ஆவதற்கு ஒரு பேட்டரி, விளக்குக்கும் விசிறிக்கும் தனியாக இன்னொன்று, ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பியூஸ். பட்டறைக்காரர் அருகில் நின்று பார்ப்பார். இவ்வளவு தடித்த ஒயர் எதற்கு என்று ஒருநாள் கேட்டார். சொன்னேன். வகுப்பில் யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. வேலை செய்யும்போது மனதுக்குள் அண்ணனிடமும் பேச ஆரம்பித்திருந்தேன். இது பன்னிரண்டு வோல்ட்தான் அண்ணா, ஷாக் அடிக்காது. இந்த விளக்கு உன் தலைமாட்டுக்கு. கடையில் உறைபனி தாங்கும் படுக்கைப்பை வாங்கப் போய் இரண்டாக வாங்கி வந்தேன். அந்த மூன்று மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன.

மெத்தைக்கு நுரைப்பஞ்சு வெட்டும் நாள் வந்தது.

"வர ஞாயித்துக்கெழம அவர இட்டுகினு வாங்க டீச்சர்," என்றார் பட்டறைக்காரர். "படுத்துப் பாத்தாதான் தெரியும். நான் பாட்டுக்கு வெட்டிட்டா வீணாப்பூடும்."

ஆங் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சனிக்கிழமை காலை துணி துவைத்துக் காயப்போட்டேன். பிறகு மொட்டைமாடியில் நின்றபடியே அண்ணனுக்குப் போன் போட்டேன். இரண்டு முறை மணி அடித்த பிறகு எடுத்தார். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்று சொல்லி, வண்டி வாங்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். கடைசியில், நீயும் வருகிறாயா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். கேலியாக இல்லை.

"இந்த வயசுல உனக்கு என்னாத்துக்கும்மா இதெல்லாம்? என்னால எங்க வர முடியும். முட்டி வேற சரியில்ல. ஒரு வருஷமா மாடிப்படிகூட ஏறுறது இல்ல."

"ஒரு வருஷமாவா?"

"ஆங். உனக்குச் சொல்லலையா நானு?"

"இல்லண்ணா."

"சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்லன்னு உட்டுட்டன் போலக்கீது."

அதன் பிறகு என்ன பேசினோம் என்று சரியாக நினைவில்லை. ஏதோ எண்ணெய் பேர் சொன்னார், அண்ணி தேய்த்துவிடுகிறாளாம். போனை வைத்துவிட்டு ஈரத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். நான் வாய்க்கு வந்தபடி கட்டிய வலி அவருக்கு நிஜமாகவே இருந்திருக்கிறது. பட்டறைக்காரர் அதற்குப் படி செய்து போல்ட்டும் முடுக்கிவிட்டார். எனக்குத்தான் தெரியவில்லை. அன்று வெகுநேரம் அழுதேன். அம்மாவுக்கு அழுததைவிட அதிகம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஞாயிறு தனியாகத்தான் போனேன். அண்ணன் வரவில்லை, வருவதாக எப்போதும் சொன்னதும் இல்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். பட்டறைக்காரர் கையிலிருந்த கத்தியைப் பஞ்சின் மேல் வைத்தார்.

"தெரியும் டீச்சர். மூணு மாசமா வரீங்க, ஒருதபாகூட அவராண்டேர்ந்து போன் வரலியே."

"தெரிஞ்சுமா பலகை போட்டீங்க?"

"நீங்க கேட்டீங்க, போட்டேன். யாராச்சும் ஒருத்தர் வருவாங்கன்னு நெனச்சேன்."

அதைக் கழற்றிவிடச் சொன்னேன். பத்து நிமிட வேலை அது. அந்தப் பக்கத்தில் நாற்பது லிட்டர் தண்ணீர் டேங்கும் அடுப்புப் பெட்டியும் வந்து உட்கார்ந்தன. அடுத்த வாரம் வண்டியை எடுக்கப் போனபோது, பின்கதவிலும் முன்கதவுகளிலும் உள்ளிருந்து பூட்டும் கெட்டித் தாழ்ப்பாள் இருந்தது. நான் கேட்டது இல்லை.

கிளம்புவதற்கு முன்பு பள்ளிப்பட்டுப் பக்கம் காய்ந்து கிடந்த ஆற்றில் இறக்கி ஓட்டிப் பழகினேன். முதல் நாளே மணலில் அச்சு வரை புதைந்தது. டயரில் பாதிக் காற்றை இறக்கி, மண்வெட்டியால் நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் பறித்து, லோ கியரில் போட்டு வெளியே எடுக்க இரண்டு மணிநேரம் ஆனது. கரையில் மாடு மேய்த்த பெண் தெலுங்கில் என்னவோ கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் மாடுகள் திரும்பிவிட்டன, அவளும் போய்விட்டாள்.

மே மாதம் போனேன். ஒன்பது நாள் ஓட்டம். காசா என்ற சிறு ஊரைத் தாண்டி, ஆற்றோரம் தட்டையான இடமாகப் பார்த்து நிறுத்தினேன். செய்ததெல்லாம் நன்றாகவே வேலை செய்தது. பேட்டரி இறங்கவில்லை, விளக்கு எரிந்தது, அடுப்பு மட்டும் காலையில் பற்ற நேரம் எடுத்தது. டேங்க் குழாயில் தண்ணீர் உறைந்துபோகும். வெயில் ஏறும்வரை காத்திருந்து முகம் கழுவுவேன். முதல் நாள் தலைவலி. இரண்டாம் நாள் அப்படி ஒரு அமைதி, என் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. அங்கே எனக்குத் தனிமை தெரியவில்லை என்று எழுத ஆசைதான். மூன்றாம் நாள் மதியம் டீ போட்டுவிட்டு, டீ ஆயிடுச்சு என்று சத்தமாகச் சொன்னேன். யாரையும் நினைத்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. அந்தக் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நான்காம் நாள் காலை கிளம்பிவிட்டேன்.

திரும்பும் வழியில் மலை சரிந்து பாதை அடைபட்டிருந்தது. முப்பது வண்டி வரிசையில் நின்றன. குளிர் காற்று. முன்னால் நின்ற காரிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்து, தன் கணவருக்கு வெந்நீர் கிடைக்குமா என்று இந்தியில் கேட்டாள். பின்கதவைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தேன். பார்த்துவிட்டு இன்னும் இருவர் வந்தார்கள், பிறகு ஒரு லாரிக்காரர், பிறகு கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. அவர்களை உள்ளே பலகையில் உட்காரச் சொன்னேன். டீத்தூள் தீரும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன். என் இந்தி மோசம், ஆனாலும் நிறையப் பேசினேன். வண்டிக்குள் எதை எங்கே பொருத்தியிருக்கிறேன் என்று எல்லோரும் கேட்டார்கள், பேனலைக் காட்டினேன், பியூஸ் பெட்டியைத் திறந்து காட்டினேன். குழந்தை என் மடியில் கொஞ்ச நேரம் தூங்கியது.

நாலு மணிக்குப் பாதை திறந்ததாக விசில் ஊதினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஓடினார்கள், எல்லோரும் ஓடினார்கள், ஒரே நேரத்தில் முப்பது எஞ்சின் உறுமியது. அந்த அம்மாள் கார் கண்ணாடிக்குள்ளிருந்து கை காட்டியது போலத் தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஜீப்பை ஓரம் ஒதுக்கி வழிவிட்டேன். டேங்கில் அடியில் இருந்த கொஞ்சம் தண்ணீரில் டம்ளர்களைக் கழுவித் துடைத்து அடுக்கினேன். கடைசி வண்டியும் வளைவில் திரும்பிய பிறகு ஸ்டார்ட் செய்தேன்.