குடாவுக்குள் கொட்டிய மருந்து

துறைமுகத்தின் மாசுத்தடுப்பு அலுவலகத்தில் அவளுக்குப் பாட்டில்காரி என்றுதான் பெயர். கடலில் எண்ணெய் கொட்டினால், ஒரு பாட்டில் கடல்நீரில் அந்த எண்ணெயையும் அதைச் சிதறடிக்கும் மருந்தையும் சொட்டுவிட்டுக் குலுக்கிப் பார்ப்பது அவள் வேலை. தண்ணீர் காப்பி நிறத்தில் கலங்கினால் மருந்து வேலை செய்யும். கறுப்பு மேலேயே மிதந்தால் செய்யாது. வீட்டில் இருமல் மருந்தைக்கூடக் குலுக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள் என்று புருஷன் கிண்டல் செய்வான்.

அன்று ஒரு எண்ணெய்க் கப்பல் பாறையில் உரசிவிட்டது. பாட்டில் நன்றாகவே கலங்கியது.

"மருந்து கேக்குது சார். ஆனா வெளிக்கடல்ல மட்டும் அடிங்க. குடாவுக்குள்ள ஆழமே இல்ல, உடைஞ்ச எண்ணெய் நேரா சிப்பிக்குப் போயிடும். அங்க மிதவைத் தடுப்பு போட்டு அள்ளிக்கலாம்" என்றாள்.

"உன் பேச்சுக்கு மறுபேச்சு உண்டாம்மா? குடாப் பக்கமே போக மாட்டோம்" என்றார் அதிகாரி. அவளை வேலைக்கு எடுத்தவரே அவர்தான். நாலு பேர் முன்னால் 'என் மக மாதிரி' என்று சொல்லிக்கொள்கிற மனுஷன்.

அந்தக் குடாவில் கயிறு கட்டிச் சிப்பி வளர்ப்பது அவளுடைய சொந்த அக்கா. விளைந்தவரைக்கும் போதும், இன்றைக்கே கரையேற்றிவிடலாம் என்று படகை எடுத்தவளை இவள்தான் போனில் தடுத்தாள். "பிஞ்சா எடுத்து என்ன பண்ணப்போற? அங்க அடிக்க மாட்டாங்கக்கா. நான் சொல்றேன்ல."

மறுநாள் காற்று திரும்பி எண்ணெய் குடாவுக்குள் நுழைந்தது. எதிர்க்கரை முழுக்கப் பெரிய ஹோட்டல்கள். கறுப்பு யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே! விமானம் தாழப் பறந்து மருந்தைக் கொட்டிவிட்டுப் போனது. பார்வைக்குக் கடல் பளிச்சென்று ஆகிவிட்டது. செய்தியில் அந்த மகானுபாவர் கூசாமல் சொன்னார்: "எங்க பொண்ணு சோதிச்சுச் சொன்ன பிறகுதான் அடிச்சோம்."

அவள் நேராக அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"கலங்குதுன்னு நீதானேம்மா சொன்ன?" என்றார்.

"குடாவுல வேண்டாம்னும் சொன்னேன் சார்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று போனை எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷமும் இந்த ஆளையா தகப்பன் ஸ்தானத்தில் வைத்திருந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

சில நாளில் அக்கா வீட்டு வாசலில் வாய் பிளந்த சிப்பிகள் குவிந்து நாறின. அக்கா மண்வெட்டியால் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சார் என்னை நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டாருக்கா."

அக்கா நிமிரவில்லை. "அந்த சார் யாருடி எனக்கு? அவர் சொல்லியா நான் கயிற தண்ணியிலயே விட்டேன்?"