வாத்துகளுக்கு வைத்த வெடி

கல்யாணமாகி மலாயாவில் செடெனாக் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு நான் வந்தபோது, என் வீட்டுக்காரருக்கு வேலை பாறைக்கு வெடி வைப்பது. தோட்டத்து எல்லையில் ஒரு கல்குவாரி இருந்தது. மத்தியானம் 'டமார்' என்று சத்தம் கேட்டால் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள், "உன் புருசன் கூப்பிடுறாரு, போ!" என்று சிரிப்பார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனால் சத்தம் வரத் தாமதமானால் மனசு தவித்துப் போகும்.

ஒரு மழைக்காலத்தில் பாறைக்கடியில் ஊற்று பீறிட்டது. இறைக்க இறைக்கத் தண்ணீர் ஏறியதால் குவாரியை மூடிவிட்டார்கள். அவரும் என்னோடு பால்வெட்டுக்கு வந்துவிட்டார். ரப்பர் மரத்தைக் குதறிவைத்துக் கங்காணியிடம் தினமும் திட்டு வாங்குவார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துத் துரை கல்யாணம் செய்து துரைசானியைக் கூட்டிவந்தார். அந்த அம்மாவுக்குப் பறவை என்றால் பைத்தியம். குவாரித் தண்ணீரில் இரண்டு காட்டு வாத்துகள் இறங்கி, நிற்க இடமில்லாமல் பறந்து போனதைப் பார்த்துவிட்டு, இந்த இடம் இனிப் பறவைகளுக்குத்தான், யாரும் சுடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். துரையோ வேட்டைக்காரர். பாவம், புது மாப்பிள்ளை, என்ன செய்வார்? துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

குவாரிக் கரை செங்குத்து. ஒரு பக்கத்தை உடைத்தால் தண்ணீர் கீழே உள்ள பள்ளத்தில் பரவும், பறவை கால் ஊன்றலாம். துரை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நீ வெடி போடு. கல்லு வேணாம். தண்ணி போகணும்" என்றார்.

"கல்லே வேணாமாம் புள்ள, வாத்துக்கு வெடி வைக்கச் சொல்றாங்க!" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது.

வெடி வைத்த அன்று தோட்டமே மேட்டில் கூடி நின்றது. பாறை அதிர்ந்தது. புகை கலைந்தும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிளவில் ஒரு நூல் தண்ணீர் கசிந்தது. அடுத்த மூச்சில் கரை சரிந்து, வெள்ளம் நுரைத்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தது. யார் முதலில் இறங்கினார்களோ தெரியாது, முழங்கால் தண்ணீரில் எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தோம். துரைசானி கால் சப்பாத்தைக் கழற்றாமலே இறங்கினார். கங்காணி வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்து, எழுந்திருக்காமல் சிரித்தார்.

கோரையும் அல்லியும் நட்டோம். பறவைகள்தான் வரவில்லை. மாதக்கணக்கில் தவளைகள் மட்டுமே குடியிருந்தன. சாயங்காலமெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்புவார் என் வீட்டுக்காரர்.

"ஏங்க, வெடிச் சத்தத்துல பயந்துடுச்சுங்களோ?"

"நான் வச்ச வெடிதானே புள்ள" என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வார்.

ஒருநாள் காலை, ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது சீட்டிச் சத்தம் கேட்டது. அவர்தான் என்று நினைத்தேன்.

"சும்மா இருங்க, கங்காணி பாக்குறாரு."

"நான் இல்ல புள்ள! மேல பாரு!"

ரப்பர் இலைகளுக்கு மேலே, சீட்டியடித்தபடி வாத்துக் கூட்டம்! கத்தியைப் போட்டுவிட்டு ஓடினோம். "பால் கெட்டியாயிடும், நில்லுங்க!" என்று துரத்திவந்த கங்காணி எங்களையும் தாண்டி ஓடினார். மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து சைக்கிளில் வந்த மலாய்க்காரர், "அலமாக்! பெலிபிஸ்!" என்று வாத்தின் மலாய்ப் பேரைச் சொல்லிக் கத்தி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார்.

தண்ணீர் முழுக்க வாத்துகள். கரையில் வெள்ளைக் கொக்குகள்கூட நின்றன. வீட்டுச் செருப்போடு ஓடிவந்த துரைசானி அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். நானும் கட்டிக்கொண்டேன். விலகி அவர் வாத்துகள் பக்கம் திரும்பியபோதுதான் பார்த்தேன், அவருடைய நீலக் கவுன் முதுகில் ரப்பர் பால் அப்பிய என் இரண்டு கைகளும் பதிந்திருந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. துரைசானியோ என் முழியைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பின்னாலேயே வந்து நின்ற துரைக்கு முதுகைக் காட்டிச் சிரித்தார்.

என் வீட்டுக்காரர் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தார். வாத்துகள் பதில் சொல்லின. மறுபடி அடித்தார். மறுபடி பதில். ஆள் நிறுத்துவதாகவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் கையைப் பிடித்து நான்தான் வேலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.