துண்டு போட்ட நாற்காலி

டிசம்பரில் அரையாண்டு லீவு விட்டதும் குழந்தைகள் சேனலில் ஒரு கார்ட்டூன் போடுவார்கள். கிறிஸ்துமஸுக்காக எடுத்த படம். ஒரு அணில் குடும்பம். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். மரப்பொந்துக்குள் வீடு. வெளியே பனி கொட்டும். நட்சத்திரம் கட்டி, மரம் ஜோடித்து, கேக் சுட்டு, கடைசியில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு மணி நேரம்கூட ஓடாது.

எங்கள் வீட்டில் யாரும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இல்லை. மார்கழியில் கோயில் ஸ்பீக்கர் பாட்டுக்கு எழுந்து வாசல் தெளிக்கிற தெரு எங்களுடையது. ஆனாலும் அந்தப் படம் எங்கள் வீட்டுக்கு ஒரு பண்டிகையாகவே ஆகிவிட்டது. என் மகளால்தான் அப்படி ஆனது.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். வயது இருபதைத் தாண்டிவிட்டது. பேச்சும் நினைப்பும் சின்னப் பெண்ணுடையவை. பிறந்ததிலிருந்தே அப்படி. எழுத்து வரவில்லை. தலை பின்னிக்கொள்ள வராது. ஆனால் பட்டு நூலைத் தறி நாடாவுக்கான தார்க்குச்சியில் சுற்ற உட்கார்ந்தால் என்னைவிட நேர்த்தியாகச் சுற்றுவாள். கோபம் வந்தால் பாதியிலேயே வீசிவிட்டு எழுந்துபோவாள்.

என் கணவர் வீட்டிலேயே தறி நெய்தார். அந்தப் படம் வருகிற அன்று மட்டும் காலையிலேயே தறியை விட்டு எழுந்து வந்துவிடுவார். நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியில் அவர், கீழே பாயில் பாப்பா. படம் இங்கிலீஷில் ஓடும். எங்கள் யாருக்கும் அது புரியாது. அதனால் அவரே எல்லா அணிலுக்கும் பேசுவார்.

"ஏம்பா, இதுக்கு முதுகுல கோடே இல்ல?" என்பாள் பாப்பா.

"பிளெயின் பாடிமா. அந்த ஊர்ல ஜரிகை கெடைக்கல, உட்டுட்டாங்க."

அம்மா அணிலுக்கு மட்டும் பெரிய வாய் கொடுத்திருந்தார். "யோவ், கேக்கு தீயுது, நீ இன்னாத்துக்கு வாலை ஆட்டிக்கினு நிக்கிற?" என்று கத்துவார். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "உங்கம்மா பேசாததையெல்லாம் சேத்து இது பேசுதுடி" என்பார். நான் வெளியே வராமல் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன். படத்தில் பக்கத்து மரத்திலிருந்து ஒரு குண்டு அணில் வரும். அதற்கு அவர் அக்காவின் குரல். செவிலிமேட்டில் இருக்கிற என் நாத்தனார்.

ஒரு வருஷம் காகித நட்சத்திரம்கூட வாங்கிவந்து உள்ளே பல்ப் போட்டு வாசலில் கட்டிவிட்டார். எதிர் வீட்டுக்காரர், "இன்னாபா, மதம் மாறிட்டியா?" என்று கேட்டார். "இல்லபா, பல்புதான் மாத்துனேன்" என்றார். பொங்கல் வரைக்கும் அது தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டுப் பொங்கலன்று பெய்த மழையில் நனைந்து கிழிந்தது.

படத்தின் கடைசியில் சாப்பாட்டு மேசையைக் காட்டுவார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அதன் முதுகில் ஒரு சிவப்பு மஃப்ளர் போட்டிருக்கும். பாப்பா வருஷா வருஷம் கேட்பாள்.

"ஏம்பா, அங்க மட்டும் ஏன் யாரும் ஒக்காரல?"

"துண்டு போட்டு சீட்டு புடிச்சி வெச்சிருக்காங்கமா. அவங்க தாத்தா வரணும். பஸ்ஸு லேட்டு."

"எந்த பஸ்ஸு?"

"வாலாஜாபாத் பஸ்ஸு. ஐயம்பேட்டைல பஞ்சராயி நிக்குது."

பஞ்சர் என்பது ஒரு வருஷம் டீசல் இல்லை என்று மாறும். இன்னொரு வருஷம் கண்டக்டர் டீ குடிக்கப் போயிருப்பார். பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த அணில் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் ஒரு கிழட்டு அணில், கண்ணாடி போட்டுக்கொண்டு, அதே மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு இருக்கும். "இதான் தாத்தா. வந்துக்கினே இருக்காரு" என்பார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் வீடுகளில் ஒருவர் இறந்துவிட்டால் படத்துக்கு மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, மேலே ஒரு சின்ன லைட்டும் எரியவிடுவோம். அந்தக் கிழட்டு அணிலின் படத்துக்கு மாலை இல்லை, பொட்டு இல்லை. மாலை போடாத படம் உயிரோடு இருக்கிற ஆளுடையதுதானே.

போன ஆவணியில் ஒரு நாள் காலை, தறியில் இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாப்பாவை நாத்தனார் தன் வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். "அது பாக்க வேணாம்மா, பயந்துடும்" என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

வந்ததும் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். தறியைப் பார்த்தாள். "அப்பா எங்க?" என்றாள். நான் அவள் பையை வாங்கிக் கீழே வைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே, "பஸ்ஸு லேட்டா?" என்றாள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்முன் கொடியில் கிடந்த அவர் துண்டை எடுத்துவந்து நீல நாற்காலியில் போட்டாள்.

அதன்பிறகு அதில் யாரும் உட்கார முடியாது. துக்கம் கேட்க வருகிறவர்கள் தெரியாமல் உட்காரப் போனால், பஸ்ஸில் இடம் பிடித்தவர்கள் கத்துவதுபோல, "ஆளு வருது! ஆளு வருது!" என்று ஓடி வருவாள். துண்டை நான் துவைத்துப் போட்டால், அது காய்கிற வரைக்கும் நாற்காலியில் அவளே காவல் உட்காருவாள். அவர் படத்தை ஃபிரேம் போட்டு வாங்கிவந்தார்கள். அதை மாட்டாமல் பீரோவுக்குள் வைத்துவிட்டேன். மாலையோடு அதைப் பார்த்தால் அவள் என்ன கேட்பாளோ என்று எனக்குப் பயம்.

அணில் கார்ட்டூன் வருவதற்கு ஒரு மாதம் முன்பே கேட்க ஆரம்பித்துவிட்டாள். "அணிலு எப்பம்மா?" அணில் வருகிற அன்று அப்பாவும் வந்துவிடுவார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தறியில் எவ்வளவு வேலை இருந்தாலும் அன்றைக்கு அவர் வராமல் இருந்ததில்லை.

அன்று காலை நாத்தனாரும் டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். கால் வலியோடு வந்தவர், நேராக அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரி அத்தை! ஆளு வருது!"

"எந்த ஆளுடி?"

"அப்பா."

நாத்தனார் எழுந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாயில் உட்கார்ந்தார். பிறகு அடுப்பங்கரைக்கு வந்து என்னிடம் மெதுவான குரலில் பேசினார்.

"எத்தினி நாளைக்கிம்மா இப்டி வெச்சிக்கினு இருப்ப? சொல்லிடு."

"எப்டி அண்ணி சொல்றது?"

"போயிட்டாருன்னு சொல்லு. அவ்ளோதான். இதுல இன்னா இருக்குது?"

"நீங்க சொல்லுங்களேன்."

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பப் போய்ப் பாயில் உட்கார்ந்து, டிவியைப் பார்த்து, "துக்க வருஷத்துல நமக்குப் பொங்கலே கெடையாது. இதுல கிறிஸ்துமஸ் கொண்டாடணுமா?" என்றார்.

"அத்தை, நீதான் அந்தக் குண்டு அணிலு" என்றாள் பாப்பா.

"எவன்டி சொன்னான்?"

"அப்பா."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. "போயும் என்ன உடமாட்றானே" என்று சொல்லிக்கொண்டே பாயில் சரிந்தார்.

படம் ஆரம்பித்தது. அதே பனி, அதே மரம். குட்டி அணில் ஜன்னலைத் திறந்தது. "அம்மா, பனி பெய்கிறது! சீக்கிரம் வாருங்கள்!" என்றது.

தமிழில் பேசியது. இந்த வருஷம் அந்தச் சேனலில் தமிழில் குரல் கொடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பாப்பா எழுந்து நின்றுவிட்டாள். "இன்னாமா இது? வேற யாரோ பேசுது" என்றாள். "தப்பு, தப்பு" என்று டிவியைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அப்புறம் வாசலைப் பார்த்தாள். "அப்பா வர்றதுக்குள்ள ஏன் போட்டுட்டாங்க?"

நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன்.

"அப்போ நீ பேசு" என்றாள்.

அம்மா அணில் கரண்டியோடு வந்துகொண்டிருந்தது. அதற்கு என்ன சொல்லவேண்டும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் கதவுக்குப் பின்னால் கேட்டதுதான். "யோவ்" என்று ஆரம்பித்தேன். "கேக்கு..." என்றேன். நாத்தனார் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. இரண்டில் எது வாயை அடைத்ததென்று எனக்கே தெரியவில்லை.

பாப்பா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். "உனக்கு வரல. உடு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை வைத்துக்கொண்டு, அதை மடியில் போட்டுக்கொண்டாள்.

பிறகு அவள் சிரிக்கவே இல்லை. ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். கடைசியில் மேசை வந்தது. நாற்காலி வந்தது. சின்ன அணில் கேட்டது: "அப்பா, இந்த வருடமும் தாத்தா நாற்காலியில் யாரும் உட்காரக்கூடாதா?" அப்பா அணில் அதைத் தூக்கி வைத்துக்கொண்டது. "தாத்தா இறந்துவிட்டார் கண்ணா. அவர் இனிமேல் வரமாட்டார். நாம் அவரை மறக்காமல் இருப்பதற்காகத்தான் இந்த நாற்காலி."

இத்தனை வருஷமாக நாங்கள் பார்த்துச் சிரித்தது ஒரு துக்க வீட்டை. என் கணவருக்கு இது தெரிந்திருக்குமா என்று யோசித்தேன். இங்கிலீஷ் அவருக்கும் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் அணில்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். ஏன் அழுகிறார்கள் என்று பாப்பா ஒரு தடவை கேட்டபோது, "வெங்காயம் அரிஞ்சாங்கமா" என்று சட்டென்று சொல்லியிருக்கிறார். தெரியாமல் சொன்னாரா, தெரிந்துதான் சொன்னாரா என்று இனி யாரைக் கேட்பது?

படம் முடிந்து விளம்பரம் வந்தது. பாப்பா நாத்தனாரிடம் கேட்டாள். "அந்தத் தாத்தா செத்துட்டாரா?"

"ஆமாம்மா."

"அப்போ பஸ்ஸு?"

நாத்தனார் என்னைப் பார்த்தார். பாப்பாவும் என்னைப் பார்த்தாள்.

"பஸ்ஸு இல்ல பாப்பா" என்றேன். "அப்பாவும் செத்துட்டாரு."

நான் அதை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கே அது புதிதாகக் கேட்டது.

"எங்க?"

"ஆஸ்பத்திரில."

"நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"அத்தை?"

"வந்தாங்க. பாத்தாங்க."

"நானு?"

"நீ அத்தை வூட்ல இருந்த."

"என்ன ஏன் கூப்டல?"

நாத்தனார் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். "பயந்துடுவன்னு..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. எழுந்துபோய் நாற்காலியிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். இதற்குமுன் அவள் அழுதால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அன்று சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வளர்ந்த பெண் அழுகிற மாதிரி அழுதாள். இத்தனை வருஷம் அவள் எப்போது வளருவாள் என்று நான் கேட்காத சாமி இல்லை. அப்படி அழுவதைப் பார்த்தபோது, அவள் பழையபடியே இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

அடுத்த சில நாட்கள் அவள் தார் சுற்ற உட்காரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள். பீரோவிலிருந்த படத்தை எடுத்து மாட்டினேன். பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

இங்கிலீஷ் வருஷப் பிறப்பு கழிந்து ஒரு மத்தியானம். பக்கத்துத் தெரு நெசவுக்காரருக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தோம். நான் ராட்டையில் இருந்தேன், அவள் நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ எப்ப சாவ?"

ராட்டையை நிறுத்தினேன். "தெரியல பாப்பா" என்றேன்.

"அத்தைக்கி முன்னாடியா, பின்னாடியா?"

"அதெல்லாம் யாருக்கும் தெரியாதுமா."

அவள் நூலைக் கீழே வைத்தாள். "அப்போ என்ன ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போ. அத்தை வூட்ல உடாத."

"சரி."

"சத்தியமா?"

என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தால் அதை மீறக்கூடாது. மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நான் போகிற நேரத்தில் இவளைக் கூப்பிடுகிற நிலையில் இருப்பேனா, இவள் அப்போது எங்கே இருப்பாள், நான் போன பிறகு இவளுக்கு யார் தலை வாரிவிடுவார்கள் என்று எதுவும் எனக்குத் தெரியாது. காலையில் நான் தேய்த்துவிட்ட எண்ணெய் உள்ளங்கையில் ஒட்டியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"சத்தியம்" என்றேன்.