அண்ணி வீட்டுச் சுத்தமான தண்ணீர்

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் ஊர் ஊராய்ப் போய்த் தண்ணீர் பிடிப்பதுதான். தண்ணீரில் வாழும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அதில் இருக்கிறதா, எந்த வகை, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்க வேண்டும். அழுக்குத் தண்ணீருக்கு மம்சாபுரத்தில் ஒரு வயல் கிணற்றைத் தேர்ந்தெடுத்தேன். மாடு குளிப்பாட்டுவதும் அங்கேதான். சுத்தமான தண்ணீருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அண்ணன் வீட்டு ஆர்.ஓ. மெஷின்.

"இதுல என்னத்தக் கண்டுபிடிக்கப் போற? பிடிச்சிக்கோ. நல்லாருக்குன்னு எழுதிக் குடு, சட்டம் போட்டு மாட்டிருதேன்" என்றாள் அண்ணி.

அண்ணன் கால் முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் இருந்தான். இரண்டு மாதமாகியும் புண் ஆறவில்லை. மாத்திரைகள் மாறிக்கொண்டே இருந்தன. குழாய்த் தண்ணீர் பட்டால் சீழ் வைக்கும் என்று, அண்ணி தினமும் மெஷின் தண்ணீரில்தான் புண்ணைக் கழுவினாள்.

மூன்றாம் நாள் சோதனைத் தட்டுகளைப் பார்த்தேன். மாட்டுக் கிணற்றுப் பாக்டீரியா எல்லா மருந்துக்கும் பணிவாகச் செத்திருந்தது. அண்ணி வீட்டுப் பாக்டீரியா தட்டில் வைத்த மருந்து வில்லைகளை உரசிக்கொண்டு, பச்சையாய்ச் செழித்து வளர்ந்திருந்தது. சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மறுபடி போனேன். மெஷின் குழாயை ஸ்பிரிட்டால் துடைத்துத் தண்ணீர் பிடித்தேன். பக்கத்தில் அண்ணன் புண்ணின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். துணியில் பச்சைக் கறை. அழுகிய திராட்சை போன்ற வாடை. தினமும் என் ஆய்வக மேசையில் வரும் அதே வாடை.

அன்றே மருத்துவரிடம் சொன்னேன். புண்ணிலிருந்து மாதிரி எடுத்தார்கள். இரண்டாவது முறை பிடித்த தண்ணீரிலும் அதுவே வளர்ந்தது. புண்ணில் இருந்ததும் மெஷினில் இருந்ததும் ஒரே வகை. இரண்டின் மரபணுப் பட்டைகளும் அச்சு மாறாமல் ஒன்றுபோல் இருந்தன.

அண்ணியிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ, அவிய புண்ண நாந்தானே தினமும் கழுவுனேன்."

"மெஷின்ல இருந்து புண்ணுக்குப் போச்சா, ஆஸ்பத்திரியில இருந்து புண்ணோட வந்து மெஷின்ல ஏறுச்சான்னு சொல்ல முடியாது அண்ணி."

முகத்தில் ரத்தம் திரும்பியது. "பொறவென்ன? இவியதான் புண்ணத் தொட்ட கையோட குழாயத் திருகுவாக. எம்புட்டுச் சொல்லிருப்பேன்!"

அண்ணன் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

அந்தப் பாக்டீரியா கட்டுப்பட்டது ஓர் ஊசி மருந்துக்கு மட்டும்தான். அதைப் போட்டார்கள், கழுவுவதற்குக் கிருமி நீக்கிய உப்புநீரான சலைன் கொடுத்தார்கள். புண் மெல்ல ஆறி, தைப்பூசத்துக்குள் அண்ணன் கைத்தடியில்லாமல் நடந்தான்.

என் வாய்மொழித் தேர்வுக்கு அண்ணியும் வந்திருந்தாள். எந்தத் தண்ணீரின் பாக்டீரியாவுக்கு மருந்தை எதிர்க்கும் சக்தி அதிகம் என்று கேட்டார்கள். "வீட்டுச் சுத்திகரிப்பு இயந்திரம்" என்றேன். யார் வீடு என்று யாரும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"செட்டியார்பட்டியில எந் தங்கச்சி வீட்டுத் தண்ணியையும் பாரேன். அவ மெஷின் நம்மளதவிடப் பழசு. அம்புட்டும் பூச்சியாத்தான் இருக்கும்."