மனாங் சியாவும் கூரை போட வந்த பதினொரு பேரும்

முழுப் பெயர் கொன்சோர்சியா துல்நுவான். எங்கள் மலையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் கையை விரிப்பார்கள். மனாங் சியா என்றால் வழி காட்டுவார்கள். மனாங் என்றால் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன்.

முப்பத்து நான்கு வயதில் சியா ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போவதாக இருந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது. கான்டனீஸ் மொழியில் நாற்பது வாக்கியங்கள் மனப்பாடம். கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது, கொத்தனார் வேலை பார்த்த கணவர் செலோ சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டுமே சின்னது. சியா கட்டிய பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டார். அந்த இடத்துக்கு வேறொருத்தி போனாள்.

ஊரின் மேல்சரிவில் இருந்த மிஷன் வீட்டில் அப்போதுதான் துணி துவைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் டேல், அவர் மனைவி மார்ஜ் மேடம், இருவரும் மினசோட்டாக்காரர்கள். எங்கள் இலோக்கானோ மொழியை எங்களைவிட நிதானமாகப் பேசுவார்கள். துவைக்கப் போன சியா ஒரு வருடத்தில் அடுப்படிக்கு மாறினார். பிறகு அந்த வீட்டில் எதற்கும் அவரைத்தான் கேட்க வேண்டும் என்று ஆனது.

அங்கே முக்கிய வேலை விருந்தாளிகள்தான். வருடத்துக்கு நாலைந்து தடவை அமெரிக்கச் சபைகளிலிருந்து வேலைக்குழு வரும். பத்துப் பேர், பன்னிரண்டு பேர். பத்து நாள் தங்குவார்கள். எதையாவது கட்டுவார்கள், அல்லது எதற்காவது வண்ணம் பூசுவார்கள். கடைசி நாள் எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போவார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொதிக்கவைப்பது, வயிறு கெட்டால் கஞ்சி வைப்பது, கொசுவலை கட்டுவது, யாருக்கு வேர்க்கடலை ஆகாது என்று நினைவில் வைத்திருப்பது எல்லாம் சியா. குழுக்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார். கிட்டார் குழு, பேதிக் குழு, மூன்று கல்யாணக் குழு. மூன்று கல்யாணக் குழு ஊர் திரும்பிய பிறகு அதில் மூன்று ஜோடிகள் திருமணம் செய்துகொண்டார்களாம்.

என் வகுப்பறைச் சுவருக்கு ஏழு வருடத்தில் ஐந்து தடவை வண்ணம் பூசினார்கள். நீலம், சந்தன நிறம், பச்சை, மறுபடி நீலம், பிறகு ஒரு மஞ்சள். செலோ வாசலில் உட்கார்ந்தபடி மனைவியைச் சீண்டுவார்.

"என்ன சியா, இந்த வருஷம் உன் ஆளுங்க என்ன கலரு?"

"உன் மூஞ்சிக்குப் பொருத்தமா ஒண்ணு கேட்டிருக்கேன். வந்ததும் ஒரு கோட்டிங் அடிச்சுட்டுப் போவாங்க."

சீண்டலுக்கு அடியில் ஒரு வருத்தமும் இருந்தது. இடுப்பு ஒட்டியபின் செலோ கொஞ்சம் சாய்ந்து நடந்தாலும் கொத்துக்கரண்டி பிடிக்கும் கை அப்படியே இருந்தது. ஊரில் அவரோடு சேர்த்து ஐந்து கொத்தனார்கள். பாலர் பள்ளிக்குச் சுவர் எழுப்பியபோது ஐந்து பேரும் வேலியோரம் நின்று, ஒரு பல் டாக்டரும் இரண்டு வங்கி அதிகாரிகளும் செங்கல் அடுக்குவதை வேடிக்கை பார்த்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. இலவசமாக நடக்கும் வேலைக்குக் கூலியாள் எதற்கு?

அந்த வாரம் பாத்திரம் கழுவும்போது சியா பேச்சை எடுத்தார். இதை மார்ஜ் மேடமே பிற்பாடு என்னிடம் சொன்னது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு சியா."

"பல் டாக்டர் ஊருல அவரு பல்லுதானே புடுங்குவாரு? இங்க வந்து ஏன் செவுரு கட்டுறாரு?"

மேடம் ஒரு தட்டைத் துடைத்து வைத்தார். "கையால ஏதாவது செய்யணும்னு ஆசைப்பட்டு வராங்க. கைக்கு வேலை இல்லன்னா வர மாட்டாங்க. வரலன்னா அவங்க சபை எங்கள மறந்துடும். மறந்துட்டா நாங்க இங்க இருக்க முடியாது. உண்மை அதுதான்."

"அப்போ எங்க ஆளுங்க கைக்கு?"

மேடம் அடுத்த தட்டை எடுத்தார். அவர் நல்லவர். பொய் சொல்லத் தெரியாதவர். ஆனால் அடுத்த குழுவுக்கான கடிதம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

அப்படி வந்ததுதான் அந்த அக்டோபர் குழு. பதினொரு பேர். தலைவர் ரேண்டல், அறுபது வயது, சொந்த ஊரில் கூரை வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர். எங்களிடம் முன்பும் ஒரு தடவை வந்தவர். பாலர் பள்ளிக்குக் கூரை போடுவது திட்டம். அக்டோபர் புயல் மாதம் என்று சியா சொல்லிப் பார்த்தார். அவர்களுக்கு விடுப்பு அப்போதுதான் கிடைத்தது.

வந்த மறுநாள் பாஸ்டர் டேல் தகரம் ஏற்றிவரக் கீழே டவுனுக்குப் போனார். அன்று மதியம் மழை பிடித்தது. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குக் காற்று வந்தது. பதினோரு மணிக்கு மிஷன் வீட்டுக் கூரையில் பாதி, தகரம் தகரமாகக் கிளம்பி வாழைத் தோட்டத்தில் போய் விழுந்தது. கீழே ஓடும் ஆறு பொங்கித் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. மேல் சாலையை மண்சரிவு மூடியது. பாஸ்டர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பதினொரு விருந்தாளிகள் இந்தப் பக்கம்.

காற்று தணிந்ததும் நானும் சில பேரும் மேலே ஓடினோம். எல்லோரும் சாப்பாட்டு அறையின் ஒரு மூலையில் நனைந்து நின்றார்கள். யாருக்கும் அடியில்லை. மார்ஜ் மேடம் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த நிகழ்ச்சி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிவாரியாகத் தட்டச்சு செய்த அட்டவணை. மை கரைந்து ஓடியிருந்தது.

சியா சமையலறையிலிருந்து அரிசி மூட்டையைத் தலையில் வைத்தபடி வெளியே வந்தார்.

"மேடம், இவங்கள கீழ கூட்டிட்டுப் போறேன். வீட்டுக்கு ரெண்டு பேரு."

"இல்ல சியா, முடியாது. இவங்க என் பொறுப்பு. ஒண்ணா, பத்திரமா வெச்சுக்கறேன்னு அவங்க சபைக்கு எழுதிக் குடுத்திருக்கேன்."

"எழுதிக் குடுத்தப்ப மேல கூரை இருந்துச்சு மேடம். இப்ப இல்ல. கீழ வீடுங்க இருக்கு."

"அவங்க வீட்டுலயும் சேதம் ஆயிருக்குமே. கேக்காம எப்படி?"

"நான் கேக்க மாட்டேன். சொல்லுவேன்." அதற்குமேல் நிற்காமல் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் பின்னால் போனார்கள். கடைசியாக மேடமும்.

பத்துப் பேர் ஐந்து வீடுகளுக்குப் பிரிந்தார்கள். என் வீட்டுக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். மிஞ்சிய பதினொன்றாவது ஆள் ரேண்டல். அவரைச் சியா தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மேடத்தையும்தான்.

எட்டு நாள் அப்படி இருந்தது. சோறு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, முருங்கைக்கீரைத் தண்ணி, கருவாடு. மூன்றாம் நாள் கருவாடு தீர்ந்தது. வீட்டுக்கு வீடு போய், யாரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து மாற்றிக் கொடுப்பதைச் சியா காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று என்று செய்தார். என் வீட்டுப் பெண்களில் ஒருத்தி முதல் இரண்டு நாள் அழுதாள். பிறகு என் மாமியாரோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள்.

செலோ வீட்டில்தான் சிக்கல். ரேண்டலுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக் கூரையில் காற்றில் எழும்பிய தகரங்களைச் செலோ சரிசெய்துகொண்டிருந்தார். கீழே நின்ற ரேண்டல் அது சரியில்லை, இது சரியில்லை என்றார். இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு சியா. சியாவுக்கு விருந்தாளிகளிடம் கற்ற ஆங்கிலம் போதுமான அளவு வரும்.

"அவருகிட்ட சொல்லுங்க, எங்க ஊருல இப்படிச் செய்ய மாட்டோம். ரசமட்டம் வெச்சுப் பாக்கணும்" என்றார் ரேண்டல்.

"என்னவாம்?" என்றார் செலோ மேலிருந்து.

"நீ நல்லா வேல செய்யறேங்கறாரு."

"பொய். அந்தத் தடியன் மொகத்தப் பாத்தாலே தெரியுது. வாய மூடிட்டு அந்தக் கயித்தப் புடிக்கச் சொல்லு."

சியா ரேண்டல் பக்கம் திரும்பினார். "உங்க கை பலமான கையாம். கயிறு புடிச்சுக் குடுத்தா ரொம்ப உதவியா இருக்கும்னு சொல்றாரு."

ரேண்டல் கயிற்றைப் பிடித்தார். வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். சியா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நாலாம் நாள் வெயில் வந்தது. ரேண்டல் தனியாக மிஷன் வீட்டுக்கு ஏறிப் போனார். தகரம் போன இடத்தில் ஏணி வைத்து வெகுநேரம் பார்த்திருக்கிறார். அப்புறம் இறங்கி வந்து, ஊருக்குள் நிற்கிற கூரைகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தார். செலோ கட்டிய வீடுகளில் கூரையைத் தாங்கும் கைமரத்தைச் சுவரோடு வளைத்த கம்பியால் கட்டியிருக்கும். கம்பியின் வால் சுவருக்குள்ளே அரை ஆள் ஆழத்துக்குப் போகும். அப்படிக் கட்டிய பதினான்கு வீடுகளில் ஒன்றுக்கும் கூரை போகவில்லை. மிஷன் வீட்டில் வெறும் ஆணி.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ரேண்டல் தட்டைத் தொடவில்லை. "மேல இருக்கற அந்தக் கூரைய நான்தான் போட்டேன். ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி வந்தப்ப. எங்க ஊருல அது போதும். இங்க காத்து எப்படின்னு யார்கிட்டயும் கேக்கல."

சியா இதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே செலோவுக்குச் சொன்னார். அந்த எட்டு நாளில் அவர் எதையும் மாற்றாமல் சொன்னது இது ஒன்றுதான்.

செலோ சோற்றை மென்று முடித்தார். "அன்னிக்கு நான் இடுப்பொடிஞ்சு படுத்திருந்தேன். இல்லன்னா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னே கத்தியிருப்பேன். சரி, சாப்பிடச் சொல்லு. சாப்பிட்டுட்டு வரட்டும், கம்பி எப்படி வளைக்கறதுன்னு காட்டறேன்."

மீதி நாட்கள் ரேண்டலும் இன்னும் ஐந்து பேரும் ஐந்து கொத்தனார்களுக்குக் கையாளாக வேலை செய்தார்கள். கம்பி வளைத்தார்கள், மண் அள்ளினார்கள், கலவை சுமந்தார்கள். ரேண்டல் இரண்டு தடவை திட்டு வாங்கினார். திட்டை மட்டும் சியா பழையபடி இனிப்பாக்கிச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் பாஸ்டர் டேல் மண்சரிவைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். எல்லோரும் உயிரோடு இருப்பதைப் பார்த்து முதலில் அழுதார். அடுத்த நாள் சியாவைக் கூப்பிட்டு, கேட்காமல் விருந்தாளிகளைப் பிரித்து வைத்தது தவறு என்றார். யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் சபைகளுக்கு என்ன பதில் சொல்வது? சியா நின்று கேட்டுக்கொண்டார். அவர் முடித்ததும், "காப்பி ஆறுது பாஸ்டர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இருவரும் ஒரு மாதம் தேவைக்குமட்டும் பேசிக்கொண்டார்கள். இடையில் மார்ஜ் மேடம் கணவரோடு என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது. பேசினார் என்பது மட்டும் தெரியும்.

பாலர் பள்ளிக் கூரையை ஜனவரியில் செலோவும் மற்ற நான்கு பேரும் போட்டார்கள், கூலிக்கு. அந்தப் பணத்தை ரேண்டலின் சபை அனுப்பியது. ரேண்டல் மற்றச் சபைகளுக்கும் நீளமாக ஒரு கடிதம் எழுதினார்: இனிப் போகிறவர்கள் ஊர்க் கொத்தனார் சொல்கிற வேலையைச் செய்யுங்கள், ஊர் வீடுகளில் தங்குங்கள். இரண்டு சபைகள் ஒத்துக்கொண்டன. மூன்று சபைகள் வருவதையே நிறுத்திவிட்டன. அதனால் பாஸ்டருக்கு வந்த ஆதரவும் குறைந்தது. நாலு வருடத்தில் பாஸ்டரும் மேடமும் ஊர் திரும்பினார்கள். மேடத்தின் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்பது ஒரு காரணம், இது இன்னொரு காரணம். விடைபெறும் நாளில் மேடம் சியாவின் சமையல் துணியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். சியா அதைக் கண்டும் காணாததுபோல இருந்தார்.

குழுக்களை ஏற்று நடத்தும் பொறுப்பை மிஷன்காரர்கள் சியாவிடம் கொடுக்க வந்தபோது அவர் ஒரு வாரம் கழித்துத்தான் சரி என்றார். அவர் போட்ட நிபந்தனைகள்: வருடத்துக்கு ஒரே குழு, ஆறு பேருக்கு மேல் கூடாது, அக்டோபரில் கிடையாது. சுவருக்கு வண்ணம் பூசக் கூடாது என்பதை எனக்காகச் சேர்த்ததாகச் சொன்னார். செலோ போன வருடம் நெஞ்சு நோயில் இறந்துபோனார். சியா பதினைந்து நாள் மிஷன் வீட்டைப் பூட்டிவைத்தார். பதினாறாம் நாள் திறந்தார். பிப்ரவரியில் குழு வந்தது.

குழு போனபின் மிஷன் தலைமையிடத்திலிருந்து ஒரு படிவம் வரும். சியா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் நிரப்புவேன். இந்தத் தடவை அவர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார்.

"'குழு சாதித்தது என்ன'ன்னு கேட்டிருக்காங்க மனாங்."

"ஆறு பேரு வந்தாங்கன்னு எழுதுங்க டீச்சர்."

"சரி."

"ஆறு பேரும் திரும்பிப் போனாங்க. ஒருத்தருக்கும் வயித்தால போகல."

"அது சாதனையா மனாங்?"

"நீங்க ஒரு வருஷம் சமைச்சுப் பாருங்க, தெரியும்."

எழுதினேன். இன்னும் நாலு வரி இடம் மிச்சம் இருந்தது. வேறென்ன எழுதலாம் என்று கேட்டேன். வாய்க்கால் கரையில் நாற்பது அடி சுவர் கட்டினார்கள், அதில் முப்பது அடி நேராக இருக்கிறது என்றார். அதையும் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தன் முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார்.