மின்தடை நோட்டீஸ்

நிலத்தடி நீர் ஆய்வு அலுவலகத்தில் பன்னிரண்டு வருஷமாக அவர் செய்துவருவது ஒரே வேலைதான். நான்கு இரும்புக் கம்பிகளை வரிசையாக மண்ணில் அடித்து, வெளிக் கம்பிகளில் மின்சாரம் விட்டு, உள் கம்பிகளில் அளப்பார். நல்ல தண்ணீர் உள்ள மண் மின்சாரத்தை லேசில் விடாது. உப்பும் ரசாயனமும் கலந்துவிட்டால் தாராளமாக விட்டுவிடும். மீட்டரில் எண் இறங்கினால் கிணறு கெட்டது என்று அர்த்தம்.

"தம்பி என்ன பண்றார்?" என்று யார் கேட்டாலும் அக்கா, "கம்பி எண்ணுறான்" என்பாள். இரண்டு பெண் வீட்டார் அதோடு எழுந்து போயிருக்கிறார்கள்.

இந்த முறை அக்காவின் தெரு. அடுத்த தெரு பேட்டரித் தொழிற்சாலையின் கழிவு அதுவரை வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அக்காவின் சலவைக்கடை ஓடுவதே வாசல் கிணற்றால்தான். கிணற்றை மூடச் சொன்னால் கடைக்கும் பூட்டுத்தான்.

முதல் நாளே அவர் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்: 'நாளை காலை பத்து மணிக்கு இத்தெருவில் மின்தடை அளவீடு.'

மறுநாள் கடை வாசலில் கம்பிகளை அடித்து மீட்டரைப் பார்த்தார். ஐந்து. ஐம்பதுக்குக் குறையாமல் வர வேண்டிய இடம். சற்றுத் தள்ளி அடித்தார். நாலு.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" அக்கா ஈரக்கையோடு வந்தாள்.

"கிணறு போச்சுக்கா."

"வாயக் கழுவு. நானே விடிஞ்சதுலேர்ந்து இடுப்பு ஒடிஞ்சு நிக்கறேன். பத்து மணிக்குக் கரண்டு போகுது, அதுக்குள்ள துவைச்சுக் குடுன்னு தெருவே அழுக்கு மூட்டையக் கொண்டுவந்து கொட்டிடுச்சு."

"கரண்டு போகுதுன்னு யார் சொன்னா?"

"நீதான ஒட்டியிருக்க, மின்தடைன்னு."

அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். செருப்பு சேற்றில் புதைந்திருந்தது. சுற்றிலும் நுரை.

"அந்தத் தடை இல்லக்கா. மண்ணு கரண்ட எவ்வளவு தடுக்குதுன்னு பாக்கறது."

"அத அப்படியே எழுதினா கை தேஞ்சிடுமா?"

சோப்புத் தண்ணீர் குடித்த மேல்மண்தான் எண்ணைக் கெடுத்திருக்க வேண்டும். கம்பிகளை அகல வைத்தால் மின்சாரம் ஆழத்துக்குப் போகும். தெருவின் இரு பக்கமும் தள்ளித் தள்ளி அடித்தார். துவைப்பதை விட்டுவிட்டு அக்கா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று. இருபத்தாறு. ஐம்பத்திரண்டு.

"ஏறினா நல்லதா கெட்டதா, சொல்லித் தொலை."

"நல்லது. கழிவு இன்னும் இங்க வரல."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சோதனைக்கூடத்துக்கு ஒரு பாட்டில் கிணற்று நீர் பிடித்துக்கொண்டு, குறிப்பேட்டில் எழுதினார். அக்கா தோளுக்குமேல் எட்டிப் படித்தாள்: 'ஆலைக் கழிவு எட்டவில்லை. மேல்மண்ணைக் கெடுப்பது சலவைக்கடைத் தண்ணீர். அதை வெளியேற்ற உடனே வடிகால் குழாய் பதிக்க வேண்டும்.'

"கூடப் பொறந்தவன் எழுதற எழுத்தாடா இது?"

"உனக்குக் கிணறு வேணுமா வேணாமா?"

நுரை வாளியைத் தூக்கிய அக்கா, அதை எங்கே கொட்டுவதென்று தெரியாமல் அப்படியே நின்றாள்.