கரடிக் காட்டுக்கு ஒரு டின் மிளகாய்

1994 ஆவணி, சனிக்கிழமை. ஹீத்ரோவில் விமானம் ஏறும்போதே நான் செபம் சொல்லத் தொடங்கிவிட்டேன். விமானத்துக்குப் பயந்தல்ல, கரடிக்குப் பயந்து. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஷிப்ட் வேலைக்கும் ஞாயிறு பூசைக்கும் தவிர வேறெங்கும் போகாத நானும் மனைவி ரஜனியும் கனடாவின் மேற்கு மலைகளில் கூடாரம் அடித்துப் படுக்கப் போகிறோமாம். காரணம் ஜெயம், ரஜனியின் ஒரே அண்ணன். இலங்கையை விட்டு ஓடியபோது அவர் கனடாவுக்குப் போனார், நாங்கள் லண்டனுக்கு வந்தோம். பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, அண்ணனும் தங்கையும் முகம் பார்க்கவில்லை. அவர் கலியாணம் கட்டவில்லை. கல்கரியில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. லீவு கிடைத்தால் மலைக்குப் போய்விடுவார். "வந்தால் உங்களையும் கூட்டிக்கொண்டு போவன்" என்று போனில் சொன்னதை நான் சும்மா பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒன்பது மணி நேரப் பறப்பு. கல்கரியில் இறங்கியதும் ரஜனியும் ஜெயமும் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் நான் பெட்டிகளோடு ஒதுங்கி நின்றேன். அந்த நேரத்தில் "காட்டுக்கு வரமாட்டன்" என்று சொல்ல எந்த மனிதனுக்கு வாய் வரும்?

திங்கட்கிழமை. மலையேறுவோர் சாமான் விற்கும் கடையில் ஜெயம் ஒரு டின் வாங்கினார். வீட்டில் நுளம்புக்கு மருந்தடிக்கும் டின் போலத்தான் இருந்தது, கொஞ்சம் தடிப்பு. உள்ளே மிளகாய்ச் சாறு. கரடி கிட்ட ஓடி வந்தால் கிளிப்பைக் கழற்றி முகத்துக்கு நேரே அடிக்க வேண்டுமாம். விலை 45 டொலர், எங்கள் காசுக்கு இருபத்தொரு பவுண். லண்டனில் இப்படி ஒன்றைப் பையில் வைத்திருந்தால் பொலிஸ் பிடிக்கும். இங்கே பெல்ட்டில் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

"மிளகாய்க்கோ இவ்வளவு காசு? அண்ணை, எங்கடை குசினியிலை ரெண்டு கிலோ கிடக்குதே!" என்றாள் ரஜனி.

செவ்வாய்க்கிழமை. கல்கரியிலிருந்து மேற்கே 130 கிலோமீட்டர் ஓடினால் பான்ஃப். அதற்கும் அப்பால் ஒரு மலையடியில் காரை விட்டுவிட்டு ஆறு கிலோமீட்டர் நடந்தோம். இருபக்கமும் ஊசியிலை மரங்கள், இடையிடையே சிவப்புப் பழப் பற்றைகள். வளைவு வரும்போதெல்லாம் ஜெயம் கையைத் தட்டி "ஓய்! ஓய்!" என்று கத்தினார். திடீரென்று முன்னால் போய் நின்றால்தான் கரடி மிரளுமாம், சத்தம் கேட்டால் தானாக விலகிவிடுமாம். பாதை நடுவே கரடிச் சாணி கிடந்தது. அதில் பழ விதைகள். "இண்டையான்தான்" என்றார் ஜெயம், ஏதோ கடையில் இன்றைக்குச் சுட்ட பாணைப் பற்றிச் சொல்வது போல. நான் ரஜனிக்கும் ஜெயத்துக்கும் நடுவே புகுந்து நடந்தேன்.

பின்னேரம் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம். சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாமல் தூர ஒரு கம்பத்தில் உயரக் கட்டிவிட்டு, ஜெயம் தண்ணீர் எடுக்கப் போனார். டின்னை எங்களிடம் தந்துவிட்டுப் போனார்.

இங்கே ரஜனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எந்தப் புது இடத்துக்குப் போனாலும் மாதா கோயிலில் மந்திரித்த தீர்த்தத்தை நாலு மூலையிலும் தெளிக்காமல் அவள் படுக்கமாட்டாள். கவுன்சில் தந்த வாடகை வீட்டின் திறப்பு கைக்கு வந்த அன்றும் கட்டில் வருவதற்கு முன் தீர்த்தம்தான் வந்தது. இப்போது பார்த்தால் தீர்த்தப் போத்தல் கல்கரியில் ஜெயத்தின் வீட்டிலேயே விடுபட்டுப் போயிருந்தது. அவள் கூடாரத்தைப் பார்த்தாள், காட்டைப் பார்த்தாள், கையிலிருந்த டின்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இதை நாலு மூலைக்கும் அடிச்சு விட்டால் கிட்ட வராதெல்லோ?"

எனக்கிருந்த பயத்தில் அது மிகவும் புத்தியான யோசனையாகப் பட்டது. "ஓம், அடியும். அந்த மரப் பக்கம் இன்னும் கொஞ்சம் அடியும்" என்றேன்.

ஐயோ! ஒரு செம்மஞ்சள் புகை சீறிக்கொண்டு போனது. மூன்றாம் மூலையில் காற்று திரும்பியது. நான் நேர் எதிரே நின்றேன். கண்ணுக்குள் நெருப்பை அள்ளிப் போட்டால் எப்படி இருக்கும்? மூச்சு நின்றது, முகம் வெந்தது. மண்ணில் விழுந்து மாட்டைப் போலக் கத்தினேன்.

ஜெயம் ஓடி வந்து தண்ணீரை என் முகத்தில் ஊற்றினார். பிறகு கூடாரத்தை மோந்து பார்த்தார். டின்னைக் காதடியில் குலுக்கிப் பார்த்தார்.

"உது நுளம்புக்கு அடிக்கிற மருந்தே? முகத்திலை பட்டால்தான் கரடி ஓடும். நிலத்திலை காய்ஞ்சு கிடந்தால் அந்த மணத்துக்கு மோந்து பாக்க வருமெண்டு காட்டுக் காவலர் சொன்னவர். இனி இஞ்ச படுக்க ஏலாது. வெளிச்சம் இருக்கேக்கை நடப்பம்."

டின்னில் ஒன்றும் மிஞ்சவில்லை. என் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. ரஜனியின் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு ஆறு கிலோமீட்டரும் குருடனாக நடக்கத் தொடங்கினேன். சத்தம் போட வேண்டுமே! ரஜனி செபமாலையைத் தொடங்கினாள். அவள் முன்பாதி சொல்ல, நானும் ஜெயமும் பின்பாதியைக் கத்தினோம். மூன்றாம் காரணிக்கத்தில், அந்தப் பத்து மணியில் பாதி போனபோது, ஜெயத்தின் குரல் நின்றது.

"அசையாதேங்கோ" என்றார் மெல்ல. "செபத்தை விடாதை, பிள்ளை" என்றார் தங்கையிடம்.

நான் கரடியைக் காணவில்லை. பற்றை முறிகிற சத்தம் கேட்டது, ஈர நாயின் நாற்றம் வந்தது. மூக்கால் 'புஸ்' என்று ஊதிய ஒரு மூச்சு கேட்டது. ரஜனியின் செபத்தில் ஒரு சொல்லும் தவறவில்லை. செத்தோம் என்றே நினைத்தேன். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, பற்றைச் சத்தம் மெல்ல மெல்ல மேலேறி ஓய்ந்தது.

காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிய பிறகுதான் ரஜனி அழுதுகொண்டே சொன்னாள். ஜெயம் எங்களுக்கு முன்னால் போய், அந்த வெறும் டின்னை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"வெறும் டின் எண்டு தெரிஞ்சுமோ, மச்சான்?" என்றேன்.

"எனக்குத் தெரியும். கரடிக்குத் தெரியாதுதானே."

அடுத்த சனிக்கிழமை, கல்கரி விமான நிலையம். என் கண் தெளிந்துவிட்டது. பிரியும் நேரத்தில் ரஜனி கேட்டாள்: "அண்ணை, நீங்கள் தனியப் போகேக்கை எத்தினை டின் கொண்டுபோறனியள்?"

ஜெயம் சிரித்தார். "நீங்கள் வாறியள் எண்டுதான் அந்த டின்னை வாங்கினது. தனியப் போகேக்கை ஒண்டும் கொண்டுபோறேல்லை. எனக்கெண்டு ஆர் பாத்துக்கொண்டிருக்கினம்?"

ரஜனி அவர் தோளில் படாரென்று அடித்தாள். சனம் திரும்பிப் பார்த்தது. "நான் இருக்கிறன்! நான் இருக்கிறன், அண்ணை!" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்று அத்தனை அடியையும் வாங்கினார்.

இங்கே வால்தம்ஸ்டோவில் கரடி இல்லை, குப்பைத் தொட்டியைக் கிளறும் நரிதான் உண்டு. பயமற்ற இடம் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் ரஜனி கல்கரிக்குப் போன் எடுக்கிறாள். சில சனிக்கிழமைகளில் அங்கே யாரும் போனைத் தூக்குவதில்லை. மலைக்கில்லை, வேலைக்குத்தான் போயிருப்பார் என்று நான் சொல்வேன். அவள் ரிசீவரை வைக்கமாட்டாள். நானும் பக்கத்தில் போய் நின்று காதைக் கொடுப்பேன். அங்கே ஆளில்லாத வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.